டோல் காசைத் தனியாகக் கட்டும் தம்பிக்கு

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. ஊர் கிள்ளான், தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. நானும் என் நண்பனும் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து ஒரே வகுப்பு. ஒன்பது வருடமாக இருவரும் பெயிண்ட்பால், அதாவது சாய உருண்டைகளைச் சுட்டு ஆடும் விளையாட்டு, ஆடுகிறோம். போட்டி என்றால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என் காடியில் கிளம்பிவிடுவோம். ஈப்போ, ஜொகூர், லங்காவி, இரண்டு தடவை தாய்லாந்து. ஒரே அணி, ஒரே அறை, டோல் காசு பாதிப் பாதி. போன வருடக் கடைசியில் அதே பிரிவில் ஆடும் வேறொரு அணி அவனைக் கூப்பிட்டது. எங்களைவிட வசதியான அணி, பெயிண்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். போய்விட்டான். அணியில் எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அவர்களோடு மோதினோம். கடைசிப் பாயிண்டில் நான் ஸ்நேக் என்ற தாழ்வான தடுப்பு வரிசையில் படுத்திருந்தேன். அவன் ஓடிவந்து முதுகில் மூன்று உருண்டை இறக்கினான். அவன் ஆட்கள் கத்திக் கொண்டாடினார்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் சரியான பேச்சில்லை. அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவன் அணி தோற்றபோது எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அடுத்த சுற்று ஈப்போவில். முதல் ஆட்டமே அவர்களோடு. எங்கள் கேப்டன், “உனக்குத்தான் அவனை நல்லாத் தெரியும், எல்லாத்தையும் சொல்லு” என்கிறார். அவனுக்கு வலது முழங்காலில் வலி இருப்பது எனக்குத் தெரியும். புது அணிக்கே அவன் அதைச் சொல்லவில்லை. என்னிடம் ஒருநாள் காடியில் வரும்போது சொன்னது. சொல்லவா, வேண்டாமா? சொல்லாவிட்டால் என் அணிக்குத் துரோகமா? நான் கெட்டவனாகிவிட்டேனா? இப்போதெல்லாம் டோல் காசையும் தனியாகத்தான் கட்டுகிறேன்.

பெயர் வேண்டாம், கிள்ளான்

பதில்: தம்பி, அவசரமான கேள்விக்கு முதலில் பதில். முழங்காலைப் பற்றிக் கேப்டனிடம் சொல்லாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வர வேண்டியிருக்கிறது.

நீங்கள் கெட்டவரா என்பதை எடுத்துக்கொள்வோம். 1980-ல் ஆப்ரகாம் டெஸ்ஸர், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சொல் கண்டுபிடிக்கும் ஆட்டம். எதிரில் இருப்பவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் குறிப்புக் கொடுக்க வேண்டும். குறிப்புகளில் சுலபமானதும் உண்டு, கடினமானதும் உண்டு. எதைக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். எதிரில் இருப்பவர் சில சமயம் உங்கள் நண்பர், சில சமயம் முன்பின் தெரியாதவர். இது சும்மா ஒரு விளையாட்டு என்று சொன்னபோது நண்பருக்குத்தான் சுலபமான குறிப்புகள் போயின. இது முக்கியமான திறமையை அளக்கும் ஆட்டம் என்று சொன்னதும் அது தலைகீழானது. தெரியாதவருக்குச் சுலபமானது கிடைத்தது, நண்பருக்குக் கடினமானது கிடைத்தது.

படிக்கும்போது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் நண்பர் நாளைக்கு ஒரு சமையல் போட்டியில் ஜெயித்தால் முதல் ஆளாக வாட்ஸ்அப்பில் படம் போடுவது நீங்கள்தான். நமக்கு உயிரில்லாத விஷயத்தில் நண்பன் ஜெயித்தால் அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு. நமக்கு உயிரான விஷயத்தில், அதுவும் நம் தோளோடு தோள் நின்றவன் முந்தினால் குத்துகிறது. எங்கோ அமெரிக்காவில் இருக்கிற ஆட்டக்காரர் ஜெயித்தால் குத்துவதில்லை. அன்று உங்களுக்கு வந்த சந்தோஷத்துக்கு இரண்டு காரணம் வேண்டும். அவர் நெருக்கமாக இருக்க வேண்டும், பெயிண்ட்பால் உங்களுக்கு உயிராக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொய்யாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருப்பீர்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சமாதானம் பேசும்போது, “நீ தோத்தப்ப நான் சந்தோஷப்பட்டேன்டா” என்று உருகி ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். பலர் இதை நேர்மை என்று நினைக்கிறார்கள். உங்கள் மனப்பாரத்தை இறக்கி வைக்க அவர் சுமைதாங்கிக் கல் இல்லை. அந்த வெட்கத்தை நீங்களே கொஞ்ச நாள் வைத்திருங்கள், கெட்டுப் போகாது.

அடுத்தது அந்த மூன்று உருண்டை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. போட்டிப் பெயிண்ட்பால் காட்டுக்குள் ஒளிந்து ஆடுவது இல்லை. புல்தரையில் பங்கர் என்ற காற்றடைத்த தடுப்புகளை நட்டு, ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதுவார்கள். உடம்பில் உருண்டை உடைந்து சாயம் பட்டால் அந்தப் பாயிண்டுக்கு வெளியே. ஒரு ஓரத்தில் தாழ்வான பங்கர்கள் நீளமாக வரிசையாகக் கிடக்கும், அதுதான் ஸ்நேக். அதற்குள் ஒருவர் ஊர்ந்து போய்விட்டால் எதிரணியின் பக்கவாட்டு முழுவதும் அவருக்குத் திறந்துவிடும். அவரை எப்படியாவது வெளியேற்றியாக வேண்டும். அதற்கு ஒரு வழி, ஓடிவந்து பங்கருக்கு மேலாகக் கிட்டத்தில் நின்று சுடுவது. ஓடிவருகிறவர் பெரும்பாலும் தானும் அவுட் ஆவார். தன்னையே காசாகச் செலவழிக்கிற வேலை அது.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஆட்டக்காரர்களோடு நானும் போட்டிகளுக்குப் போய், அணிகள் தயாராகும் ‘பிட்’ பகுதியில் நின்றிருக்கிறேன். அங்கே யாரையும் சும்மா நிற்கவிட மாட்டார்கள், ‘பாட்’ என்ற உருண்டைக் குப்பியைக் கையில் திணித்து நிரப்பச் சொல்வார்கள். ஒரு குப்பிக்கு 140 உருண்டை, ஒரு பெட்டிக்கு 2000. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்டியைத் திறந்தே வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஈரம் பட்டால் உருண்டை உப்பி, குழலுக்குள்ளேயே உடைந்துவிடுமாம். அப்படி நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். பெரிய போட்டிகளில் மார்க்கர், அதாவது உருண்டை சுடும் துப்பாக்கி, நொடிக்குச் சுமார் பத்து உருண்டை தள்ளுகிறது. மூன்று உருண்டை என்றால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் அவுட் என்பதைக் கண் பார்த்து, மூளைக்குப் போய், விரல் நிற்பதற்குள் மூன்றும் போயிருக்கும். அவுட்டான ஆளை வேண்டுமென்றே சுட்டுக்கொண்டிருந்தால் நடுவர் தண்டனை கொடுத்திருப்பார். அன்று கொடுக்கவில்லை என்று உங்கள் முழுக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பொழுதுபோக்கு மைதானங்களில், கிட்டத்தில் மாட்டிக்கொண்டவரைச் சுடாமல் ‘சரண்டர்’ கேட்கும் வழக்கம் உண்டு. போட்டியில் அது கிடையாது. அவர் உங்கள் தோளைத் தட்டி, “வெளிய போ மச்சான்” என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? திரும்பி அவரைச் சுட்டிருப்பீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. புது அணிக்குப் போனவன் பழைய அணியோடு மோதும் நாளில், அவன் பக்கத்து ஆட்களே அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டாளியை இவன் சுடுவானா, மாட்டானா? அந்தக் கத்தலும் கொண்டாட்டமும் உங்களை அவமானப்படுத்த வந்ததில்லை என்று நினைக்கிறேன். ‘சரி, இவன் நம்ம ஆள்தான்’ என்று அவர்கள் அவரை உள்ளே சேர்த்துக்கொண்ட சத்தம் அது. அதற்கான விலையாக உங்கள் முதுகு அமைந்துவிட்டது, அவ்வளவுதான். வலித்திருக்கும், நொடிக்கு 300 அடி வேகத்தில் வருகிற உருண்டை வலிக்காமல் இருக்குமா! ஆனால் இரண்டு மாதமாக வலிப்பது முதுகு இல்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சார்லஸ் கெய்ன்ஸ் என்ற எழுத்தாளரும் ஹேய்ஸ் நோயல் என்ற பங்குத் தரகரும் நண்பர்கள். பிழைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் யாருக்கு அதிகம், காட்டில் திரிந்தவனுக்கா, நியூயார்க் நகரத்தில் காலம் தள்ளுகிறவனுக்கா என்று இருவருக்கும் வாக்குவாதம். பேசித் தீரவில்லை. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளச் சாயம் அடிக்கும் நெல்ஸ்பாட் என்ற கருவி அவர்கள் கையில் கிடைத்தது. பாப் கர்ன்ஸி என்ற இன்னொரு நண்பர் விதிகளை எழுத, 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊர்ப்பக்கக் காட்டில் 12 பேர் இறங்கினார்கள். அணி கிடையாது, ஒவ்வொருவரும் தனித்தனி. கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி வைட் என்ற வனத் தொழிலாளி, அதுவும் ஒரு தடவைகூடச் சுடாமல். நண்பர்கள் ஒருவரை ஒருவர் குறிபார்ப்பது இந்த ஆட்டத்தில் நடுவில் வந்து புகுந்த வியாதி இல்லை, ஆட்டம் தொடங்கியதே அப்படித்தான்.

அதனால் அவரை ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பதற்காகக் கூசாதீர்கள். கேவின் கில்டஃப் என்ற ஆய்வாளர் ஓட்டப் பந்தயக்காரர்களை வைத்துப் பார்த்ததை 2014-ல் வெளியிட்டார். தனக்குப் போட்டி என்று மனதில் வரித்திருக்கும் ஆள் அதே பந்தயத்தில் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 நொடி வேகமாக ஓடுகிறார்களாம். நல்ல எதிராளி ஒரு வரம்.

இதைச் சொன்னால் நம் மலேசியாவில் எல்லாரும் பூப்பந்து ஆட்டக்காரர்கள் லீ சோங் வெய்யையும் சீனாவின் லின் டானையும் இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. 40 தடவை மோதினார்கள், 28 லின் டானுக்கு, 12 நம்மவருக்கு. 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் நம்மவர் தோற்றார். 2012-ல் மூன்றாவது செட் 19-21. மாமாக் கடையில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னும் நெஞ்சு அடைக்கும். 2016-ல் ரியோ அரையிறுதியில் 22-20 என்று ஜெயித்துக் காட்டினார். இத்தனைக்கும் அப்புறம் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த மதிப்பை உலகமே பார்த்தது. ஆனால் தம்பி, அவர்களுக்குப் போட்டி முதலில் வந்தது, நட்பு பின்னால் வந்தது. எதிரியாகத் தெரிந்த ஒருவரிடம் நல்ல குணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு சந்தோஷம். உங்களுக்கு வரிசை மாறிவிட்டது. உங்கள் கைப்பிடிச் சோற்றில் பாதி தின்றவன் எதிர்ப்பக்கம் நிற்பதைப் பார்க்கும் நிலை வேறு. ‘அவர்களைப் போல் இருங்கள்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அணி மாறியதற்கு வருவோம். மாறினது தப்பே இல்லை. ஒரு சுற்றுக்குப் பெயிண்டுக்கு மட்டும் எத்தனை வெள்ளி ஆகும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான ஆலிவர் லாங், சான் டியாகோ டைனஸ்டி அணியில் நண்பர்களோடு வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் அயர்ன்மென்னுக்குப் போனார், பல வருடம் அங்கே ஆடினார், பிறகு டைனஸ்டிக்கே திரும்பி வந்தார். இங்கேயும் அது நடப்பதுதான்.

ஆனால் கடைசியாக உங்களுக்குத் தெரிந்தது தப்பு. அதில் நான் உங்கள் பக்கம். என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. மற்ற ஏழெட்டுப் பேரிடம் சொல்வது அவருக்கு வெறும் தகவல், உங்களிடம் சொல்வதுதான் விடைபெறுவது. அதனால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருப்பார். அதற்குள் வாட்ஸ்அப் முந்திக்கொண்டது. இது அவரை நியாயப்படுத்தாது. கோபத்தை எந்த இடத்தில் வைப்பது என்று உங்களுக்குக் காட்டும். போனதற்கும் சுட்டதற்கும் சேர்த்துக் கோபப்பட்டால் அவருக்குப் புரியாது, “அப்ப நான் முன்னேறக் கூடாதா?” என்று கேட்பார். சொல்லாமல் விட்டதற்கு மட்டும் கோபப்பட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. நல்ல கோபம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது கேப்டன்.

அவர் கேட்டதில் தவறில்லை, ஜெயிக்க வைப்பது அவர் வேலை. அவருக்குக் கொடுக்க உங்களிடம் நிறைய இருக்கிறது. நண்பர் பிரேக் அவுட்டில், அதாவது பாயிண்ட் தொடங்கியதும் ஓடும் முதல் ஓட்டத்தில், எந்தப் பக்கம் ஓட விரும்புவார், பங்கரில் இருந்து எந்தத் தோள் பக்கம் முதலில் எட்டிப் பார்ப்பார், பாட் மாற்றும்போது தலையைக் குனிவாரா, பதற்றமானால் முன்னால் பாய்வாரா, பின்னால் பதுங்குவாரா. இவையெல்லாம் ஓரத்தில் நின்று பார்க்கும் எவருக்கும் தெரியும், வீடியோவில் இருக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். அவரும் உங்களைப் பற்றித் தன் அணியில் இதையெல்லாம் இந்நேரம் சொல்லியிருப்பார், சொல்லட்டும். உங்கள் பழக்கங்களை மாற்றிக்கொள்ள அதுவே நல்ல சாக்கு.

முழங்கால் அந்தக் கணக்கில் சேராது. அது வீடியோவில் இல்லை. ராத்திரி நெடுஞ்சாலையில், நீங்கள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. களத்தில் பார்த்தது களத்துக்குச் சொந்தம், காடியில் கேட்டது காடியோடு. இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் மீதி எல்லாவற்றையும் நீங்களே பிரித்துவிடலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. முழங்கால் வலிக்கிறவரை வேண்டுமென்றே ஸ்நேக் பக்கம் விரட்டி, மறுபடி மறுபடி விழுந்து எழ வைக்கத்தான் அந்தத் தகவல் பயன்படும். அவர் கால் நிஜமாகவே போய்விட்டால், அந்த வெற்றிக் கோப்பையை வீட்டில் எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

கேப்டனிடம் பொய் சொல்ல வேண்டாம், பெரிய வசனமும் வேண்டாம். “ஆட்டத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்றேன், அவனோட சொந்த விஷயம் மட்டும் கேக்காதீங்க.” இவ்வளவு போதும். அப்புறம் பேசாமல் இருந்துவிடக் கூடாது, உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீடியோவை அவரோடு பார்த்து உருப்படியாக நாலு விஷயம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அணிக்கு நீங்கள் காட்டும் விசுவாசம் அங்கே இருக்கிறது. நல்ல கேப்டனாக இருந்தால், நாளைக்கு இவன் அணி மாறினாலும் நம் ரகசியத்தை விற்க மாட்டான் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொள்வார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் நான் பூப்பந்து ஆடினேன். என் இரட்டையர் இணை என் உயிர்த்தோழி. ஒற்றையர் பிரிவில் மாவட்ட அணிக்கு அவளை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. முதல் செட் தோற்றால் அவள் கழிப்பறைக்குப் போய் அழுவாள், அப்புறம் அவளால் ஆட முடியாது. அது எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் இன்னொரு பள்ளிப் பெண்ணிடம் சும்மா பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். சும்மா என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் முதல் செட்டுக்குப் பிறகு, கழிப்பறை வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தாள். யார் சொன்னது என்று என் தோழிக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறாள், நானும் அனுப்புகிறேன், பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொள்கிறோம். மற்ற எதையும் அவள் என்னிடம் சொல்வதில்லை. முப்பது வருடம் ஆகிவிட்டது. 1980-ல் டெஸ்ஸர் வெளியிட்ட அந்தச் சோதனையைப் பின்னாளில் பாடப் புத்தகத்தில் படித்தபோது, அன்று மாலை வகுப்பை விட்டு எழுந்து போய்விட்டேன்.

இனி டோல் காசு. உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் டோல் மூன்று இடத்தில் வருகிறது. இறுதி ஆட்டம் ஒரே ஒரு இடத்தில்தான்.

சுற்றுப் போட்டி ஆடுகிறவர்களிடம் நான் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மைதானத்தில் கழிகிற நேரத்தைவிடச் சாலையில் கழிகிற நேரம் அதிகம். ஒரு பாயிண்ட் சில நிமிடத்தில், சில சமயம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கிள்ளானிலிருந்து ஈப்போ 200 கிலோமீட்டருக்கு மேல். தாப்பா ஓய்வுத்தலத்தில் இறங்கித் தே தாரிக் குடித்து, சட்டையில் காயாத சாயத்தோடு மற்றவர்கள் முறைப்பதைப் பார்த்துச் சிரித்து, தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பேசி, பிறகு யாரோ ஒருவர் தூங்கிப்போவது. அத்தை மகள் கல்யாணத்துக்குப் போகாமல் லங்காவிக்குப் போன கதையை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது, அந்த சீட்டில் இருப்பவரிடம் மட்டும் சொல்லலாம். விமானத்தில் போகும்போது மார்க்கருக்கான காற்றுச் சிலிண்டர் காலியாக இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காக வால்வைக் கழற்றிக்கொண்டு அதிகாரியிடம் மல்லுக்கட்டியதற்கு உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி அவர்தான். நீங்கள் இழந்திருப்பது ஒரு ஆட்டத்தை இல்லை, பக்கத்து சீட்டை. அதற்குத் துக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் துக்கத்தை மூன்று உருண்டை மேல் போட்டு, கோபமாக்கி வைத்திருக்கிறீர்கள்.

போய்ப் பேசுங்கள். ஆனால் ஈப்போவுக்கு முந்தின இரவில் வேண்டாம், ஆட்டம் முடிந்த அன்று இரவிலும் வேண்டாம். தோற்றவன் காதில் எதுவும் ஏறாது, ஜெயித்தவன் வாய் சும்மா இருக்காது. இந்த வாரமே ஒரு வேலை நாளில் கூப்பிடுங்கள். மாமாக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து “நம்ம பேசணும்” என்று ஆரம்பித்தால் இருவரும் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே இருப்பீர்கள். என் அனுபவத்தில் ஆண்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நன்றாகப் பேசுகிறார்கள். காடியில் ஏற்றிக்கொண்டு எங்காவது போங்கள். ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும்: “நீ போனது சரி. எல்லாருக்கும் சொல்லிட்டு எனக்குச் சொல்லாம விட்டதுதான் தாங்கல.” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த இடைவெளியை நீங்களே பேசி நிரப்பாதீர்கள். அவர் உடனே மன்னிப்புக் கேட்காமல் போகலாம். வெளியே பார்த்துக்கொண்டு, “தெரியும்டா” என்று மட்டும் சொல்லலாம். உங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது பெரிய மன்னிப்பு.

அதே பயணத்தில் முழங்காலைப் பற்றியும் கேளுங்கள். எதிராளியாகக் கேட்க வேண்டாம். இத்தனை மாதம் கழித்தும் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும், புது அணியிடம் மறைத்துக்கொண்டு ஆடுவது முட்டாள்தனம் என்று திட்டுங்கள். அந்த உரிமை உங்களுக்கு இன்னும் இருக்கிறது. ‘என் கேப்டன் கேட்டார், நான் சொல்லவில்லை’ என்று மட்டும் சொல்லிக்காட்டாதீர்கள். சொன்னால் அது கடனாகிவிடும்.

இருவரும் சேர்ந்து வாங்கிய காற்றுச் சிலிண்டர் ஒன்று உங்கள் வீட்டில் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். அதையும் பேசித் தீர்த்துவிடுங்கள். பாதிக் காசைக் கொடுங்கள், அல்லது அவரிடமே கொடுத்துவிடுங்கள். சின்னச் சாமான்தான், ஆனால் பல நட்புகள் இப்படி ஸ்டோர் ரூமில் கிடக்கும் சாமானில் தடுக்கித்தான் விழுகின்றன.

ஈப்போவில் அவர் மறுபடி ஸ்நேக்குக்கு ஓடிவந்தால் சுடுங்கள். நீங்கள் தயங்கினால் அவருக்குத்தான் அவமானம். ஆட்டம் முடிந்து, உடை மாற்றி, ஒரு மணி நேரம் போகட்டும். அவர் அணி வண்டியில் வந்திருப்பார், இருந்தாலும் திரும்பும்போது உங்களோடு வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்த முறை வர மாட்டேன் என்றால் அடுத்த முறை கேளுங்கள். வந்தால், காலை நீட்டிக்கொள்ள முன் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். டோல் காசில் பாதியை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.